சக்கரம் ஏறி இறங்க ஓர் இடம்

பெங்களூரிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, தருமபுரியையும் நல்லம்பள்ளியையும் கடந்து தொப்பூர் கணவாயை அடையும் இடத்தில், மேட்டுநிலம் முடிந்து தாழ்நிலம் தொடங்குகிறது என்பதை வாகனம் ஓட்டுபவரின் கண்ணைக் காட்டிலும் பிரேக்கை மிதிக்கும் காலே முதலில் உணர்கிறது. இம்மாவட்டத்துச் சாலைகள் பலவற்றுக்கும் இது பொதுக் குணம். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு இறங்கும் காட்டுவழியும், வத்தல்மலைக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளும், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்து மாந்தோப்புகளின் நடுவே வளைந்து ஓடும் ஒற்றைத் தார்ச்சாலைகளும் சமதரையை அதிகம் அறியாதவை. 1965ஆம் ஆண்டு அக்டோபரில் சேலம் ஜில்லாவிலிருந்து பிரிந்து தருமபுரி தனி ஜில்லாவாக உருவெடுத்த காலத்தில், இந்தச் சாலைகளில் ஓடிய சொந்தக் கார் எதுவாயினும், அது அநேகமாக மூன்றில் ஒன்றாகவே இருந்திருக்கும்: கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடர், பம்பாயில் தயாரான பியட் 1100, நம் சென்னைக்கு அருகே வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

அந்தப் பழைய கார்களுக்கு இப்போது மறுபிறவி வாய்த்திருக்கிறது. கொட்டகைகளில் தூசி படிந்து கிடந்தவற்றை வெளியே இழுத்து, துருவைச் சுரண்டி, வர்ணம் பூசி, என்ஜினைப் பிரித்துக் கோத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டி மகிழும் இளைஞர்கள் பெருகிவருவது உள்ளபடியே சந்தோஷத்துக்குரிய விஷயம். அவர்களிற் பலர் அத்துடன் திருப்தியடையாமல், காரைத் தரையை நோக்கித் தாழ்த்தவும், ஆதியில் இருந்த ஒல்லியான சக்கரங்களைக் கழற்றிவிட்டு அகன்ற அலாய் வீல்களை மாட்டவும் ஆசைப்படுகிறார்கள். தாழ்ந்த கார் பார்வைக்கு அழகு என்பதை நான் மறுக்கவில்லை. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கிடக்கும் வெற்றிடம் குறையும்போது ஒரு காரின் உருவம் திடீரென்று ஒருமை பெறுவதை யாரும் காணலாம். ஆனால் அந்த வெற்றிடம் தொழிற்சாலைக்காரர்கள் அஜாக்கிரதையாக விட்டுவைத்த இடமா, அல்லது ஏதேனும் காரியத்துக்காகக் கணக்கிட்டு வைத்த இடமா என்ற கேள்வியை எழுப்பாமல் ரம்பத்தைக் கையில் எடுப்பது விவேகமாகாது.

தாழ்த்துதல் மோட்டார்ப் பந்தயத்தில் பிறந்த வித்தை. நம் நாட்டில் அதன் பாடசாலையாக விளங்கியது சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம். இரண்டாம் உலக யுத்தக் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே இருந்தது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தத் தளத்திலே பந்தயங்களை நடத்தி, பிற்பாடு 1990ஐ ஒட்டி இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தடம் அமையும் வரையில், ஏறக்குறைய ஒரு தலைமுறைக்கு மேல் தென்னாட்டு மோட்டார் ரசிகர்களைத் தன்பால் ஈர்த்து வைத்திருந்தது. அங்கே ஓடிய பியட்டுகளும் ஹெரால்டுகளும் தாழ்த்தப்பட்டிருந்ததற்குத் தக்க நியாயம் உண்டு. விமானம் இறங்குவதற்கென்று போட்ட தளத்தில் பள்ளம் இராது, வேகத்தடை இராது, மாட்டுவண்டித் தடம் இராது. காரின் சக்கரம் அதிகமாக ஏறி இறங்க வேண்டிய அவசியமே அங்கில்லை.

தாழ்த்துவதால் விளையும் நன்மை எத்தகையது, எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கார் ஒரு வளைவில் திரும்பும்போது அதன் பாரத்தில் ஒரு பகுதி உட்பக்கத்துச் சக்கரங்களை விட்டு வெளிப்பக்கத்துச் சக்கரங்களுக்கு மாறுகிறது. அவ்வாறு மாறும் பாரம், காரின் எடையையும், பக்கவாட்டு வேகமாற்றத்தையும், புவியீர்ப்பு மையத்தின் உயரத்தையும் பெருக்கி, இடது வலது சக்கரங்களுக்கிடையே உள்ள அகலத்தால் வகுத்தால் கிடைக்கும். காரின் எடை 1,100 கிலோகிராம், மையத்தின் உயரம் 58 சென்டிமீட்டர், சக்கரங்களின் இடையகலம் 136 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பில் பத்தில் நான்கு பங்கு வேகமாற்றத்துடன் வளைவில் திரும்பினால், ஏறத்தாழ 188 கிலோகிராம் பாரம் வெளிப்புறத்துக்குச் செல்லும். அதே காரை 4 சென்டிமீட்டர் தாழ்த்தினால் அது 175 கிலோகிராமாகக் குறையும். மிச்சமாவது 13 கிலோகிராம். நூற்றுக்கு ஏழு பங்கு. சக்கரங்களும் அச்சும் இருந்த இடத்திலேயே இருக்க, மேலேயுள்ள உடல் மட்டுமே தாழ்கிறதாகையால், உண்மையில் இந்த ஏழும் முழுதாகக் கிட்டுவதில்லை.

டயரின் மீது பாரம் இருமடங்கானால் அதன் பிடிப்பு இருமடங்காவதில்லை, அதற்குச் சற்றுக் குறைவாகவே ஏறுகிறது. எனவே நான்கு டயர்களின் மீதும் பாரம் சமமாகப் பரவியிருக்கும்போதே காரின் மொத்தப் பிடிப்பு உச்சத்தில் இருக்கும். ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கைக்கூடப் பொருட்படுத்தும் பந்தயக்காரருக்கு அந்த நூற்றுக்கு ஏழு பெரிய செல்வம். அரூருக்குக் கல்யாணத்துக்குப் போய்வருகிற குடும்பத்துக்கு அதனால் ஆகப்போவது சொற்பம்.

இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வளைவில் காரின் உடல் ஏதோ ஒரு புள்ளியைச் சுற்றியே சாய்கிறது. அந்தப் புள்ளி எங்கே அமையும் என்பதைச் சக்கரத்தைத் தாங்கும் மேல் கையும் கீழ்க் கையும் எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்பது நிர்ணயிக்கிறது. புவியீர்ப்பு மையத்துக்கும் இப்புள்ளிக்கும் இடையேயுள்ள தூரமே உடலைச் சாய்க்கும் நெம்புகோலாக வேலை செய்கிறது. காரைத் தாழ்த்தும்போது கைகளின் கோணம் மாறி, உடல் தாழ்ந்ததைக் காட்டிலும் அதிகமாக இப்புள்ளி தாழ்ந்துவிடும் அமைப்புகள் பல உண்டு. அப்போது நெம்புகோலின் நீளம் குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடும். ஸ்பிரிங்கை மாற்றாமல் தாழ்த்திய கார், முன்னைவிட அதிகமாகச் சாயும் விபரீதமும் நேரும். ஸ்டியரிங் கம்பியின் கதியும் அவ்வாறே. சக்கரம் ஏறி இறங்கும்போது அந்தக் கம்பி வரையும் வட்டப்பாதையும், தாங்கும் கைகள் வரையும் வட்டப்பாதையும் ஆதி உயரத்தில் ஒத்துப்போகுமாறு அமைக்கப்பட்டவை. உயரம் மாறினால் அந்த ஒற்றுமை குலைந்து, ஓட்டுபவர் ஸ்டியரிங்கைத் திருப்பாதபோதே, ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானாகச் சிறிது திரும்பும். வீல் அலைன்மென்ட் செய்வதால் இது தீராது; அலைன்மென்ட் நின்ற நிலையிலுள்ள காருக்குரிய வைத்தியம், இதுவோ ஓடும் காரின் வியாதி.

இனி ஸ்பிரிங்கின் விஷயத்துக்கு வருவோம். இன்றைய தருமபுரிதான் அன்றைய தகடூர். அதை ஆண்ட அதியமானின் மகனான பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், உப்பு வணிகர்கள் தங்கள் வண்டியின் அடியில் கட்டிவைத்துச் செல்லும் மாற்று அச்சுக்கு அவனை ஒப்பிட்டிருக்கிறார். புறநானூற்றில் 102ஆம் பாட்டு அது. பாரம் ஏற்றிய வண்டி பள்ளத்தில் இறங்கினும் மேட்டில் ஏறினும் அங்கே என்ன நேரும் என்று முன்கூட்டி யார் அறிவார் என்ற கவலையினால், உபரி அச்சு ஒன்று இல்லாமல் அக்காலத்து வணிகர் வழியில் இறங்கியதில்லை. ஸ்பிரிங் இல்லாத வண்டியில் சாலை கொடுக்கும் அடி முழுவதும் சக்கரத்தின் வழியே நேராக அச்சின் மீது விழுகிறது. அச்சு ஒடிவதற்கு அதுவே காரணம். அந்த அடியை ஒரு கணத்தில் வாங்காமல் சிறிது தூரத்திலும் சிறிது நேரத்திலும் பரப்பி வாங்குவதற்காகவே மனிதன் ஸ்பிரிங்கைக் கண்டான். ஸ்பிரிங்கின் நீட்சி அதன் மீதுள்ள விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற விதியை ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். பட்டைகளை அடுக்கிய நீள்வட்ட ஸ்பிரிங்கைக் குதிரைவண்டிகளில் பொருத்தும் முறைக்கு ஒபதையா எலியட் 1804இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார்.

திண்ணையிலிருந்து குதிக்கும் சிறுவன் முழங்காலை மடக்கித் தரையைத் தொடுகிறான். மடக்க இடமில்லாமல் விறைப்பாகக் குதித்தானாயின் அந்த அடி முதுகெலும்பு வரைக்கும் ஏறும். காரின் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவேயுள்ள வெற்றிடம் அந்த முழங்காலுக்குரிய இடமே. ஸ்பிரிங்கில் சேரும் சக்தி அதன் அமுக்கத்தின் வர்க்கத்தைப் பொறுத்திருப்பதால், இந்த இடத்தைக் குறைப்பதன் விளைவு நாம் எதிர்பார்ப்பதைவிடக் கடுமையாக இருக்கிறது. சக்கரம் மேலே ஏற 8 சென்டிமீட்டர் இருந்த இடத்தில் 4 சென்டிமீட்டர் மாத்திரம் மிஞ்சுமாயின், அதே ஸ்பிரிங் அந்த நான்குக்குள் ஏற்கும் சக்தி முன்னிருந்ததில் பாதியன்று, காற்பங்கு. மீதமுள்ள முக்காற்பங்கும், சக்கரத்தின் ஏற்றத்துக்கு எல்லையாக உள்ள பம்ப் ஸ்டாப் ரப்பரின் மீதும், அதன் வழியே காரின் உடல்மீதும் மோதுகிறது. அறுபது வயதான தகடு, பழைய வெல்டிங், துருவேறிய மூலைகள் ஆகியவையே அந்த மோதலை வாங்கவேண்டியவை. இதைத் தவிர்க்க அதே 4 சென்டிமீட்டருக்குள் அந்தச் சக்தி முழுவதையும் விழுங்க வேண்டுமென்றால் ஸ்பிரிங்கை நான்மடங்கு கடினமாக்க வேண்டும்.

கடினமாக்கினால் சௌகரியம் போகிறது. ஒரு கார் தன் ஸ்பிரிங்கின் மேல் இயல்பாக ஆடும் வேகம், அதன் சொந்தப் பாரத்தால் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதிலிருந்து கணக்கிடத்தக்கது. 16 சென்டிமீட்டர் அமுங்கியிருந்தால் கார் நொடிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் தடவை, அதாவது நிமிஷத்துக்கு 75 தடவை ஆடும். மனித உடல் இதை நடையின் தாளத்தைப்போல் எளிதாக ஏற்றுக்கொள்கிறது. நான்மடங்கு கடினமான ஸ்பிரிங்கில் அந்த ஆட்டம் இருமடங்காகி நிமிஷத்துக்கு 150 ஆகும். நொடிக்கு நான்கு முதல் எட்டு வரையான செங்குத்து அதிர்வுகள் வயிற்றையும் முதுகையும் மிகுதியாக வருத்துவன என்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள்; ஸ்பிரிங்கைக் கடினமாக்கும்தோறும் நாம் அந்த வேதனைப் பிரதேசத்தை நோக்கி நகர்கிறோம். ஷாக் அப்சார்பரும் இதற்கேற்ப மாறவேண்டும். கடினமான ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கப் பழைய ஷாக் அப்சார்பருக்கு வலுவில்லை. கார் ஒரு மேட்டைத் தாண்டிய பிறகும் இரண்டு மூன்று முறை குதித்துக்கொண்டே செல்லும். மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் 1930களில் அமெரிக்காவில் கேடிலாக் தொழிற்சாலையில் நடத்திய சோதனைகள் வேறோர் உண்மையையும் நிலைநாட்டின. முன்பக்கத்து ஸ்பிரிங்குகள் பின்பக்கத்தவற்றைவிடச் சிறிது மெதுவாக ஆடும்படி இருக்கவேண்டும். அப்போதுதான் மேட்டில் முதலில் ஏறும் முன்பக்கமும் பின்னால் ஏறும் பின்பக்கமும் விரைவிலே ஒரே கதியில் சேர்ந்து, கார் முன்னும் பின்னும் ஊசலாடாமல் அமையும். அழகுக்காக முன்பக்கத்தை மட்டும் தாழ்த்திக் கடினமாக்குபவர்கள் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குகிறார்கள்.

மேற்சொன்ன மூன்று கார்களிலும் தாழ்த்தும் முறைகள் வேறு வேறு. அவற்றின் அபாயங்களும் அவ்வாறே.

பியட்டின் முன்பக்கத்தில் இருப்பது சுருள் ஸ்பிரிங். அதில் ஒரு சுற்றை அறுத்துவிடுவது பட்டறைகளில் நெடுநாளாக நடந்துவரும் வழக்கம். சுருளின் சுற்றுகள் குறையக் குறைய அதன் கடினம் கூடும். வேலை செய்யும் சுற்று எட்டு என்றால், ஒன்றை அறுத்தபின் கடினம் நூற்றுக்குப் பதினான்கு பங்கு உயரும். தாழ்ந்ததோடு ஓரளவு கடினமும் சேர்வதால் இம்முறையில் சிறிது நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அறுத்த முனை தன் இருக்கையில் சரியாக உட்காராது. காரை ஜாக்கியில் தூக்கும்போதோ, சக்கரம் ஆழமான பள்ளத்தில் தொங்கும்போதோ, நீளம் குறைந்த ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். இதனினும் கொடியது, காஸ் நெருப்பினால் சுருளைச் சிவக்கக் காய்ச்சி அமுக்கிவிடும் முறை. ஸ்பிரிங் எஃகு தன் வலுவைப் பெறுவது, காய்ச்சிக் குளிர்வித்து மறுபடியும் அளவாக வெப்பமூட்டிய பக்குவத்தினால். பட்டறை நெருப்பு அந்தப் பக்குவத்தை ஒரு நிமிஷத்தில் அழித்துவிடுகிறது. அவ்வாறு காய்ச்சிய ஸ்பிரிங் நாளுக்கு நாள் தொய்ந்துகொண்டே போகும். இல்லாவிட்டால் எதிர்பாராத தருணத்தில் ஒடியும். இந்த முறையை எந்தக் காரணம் பற்றியும் யாரும் கையாளலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அம்பாசிடரின் முன்பக்கத்திலோ சுருளே இல்லை. காரின் நீளவாட்டில் கிடக்கும் முறுக்குத்தண்டு ஒன்று, முறுக்கப்படும்போது காட்டும் எதிர்ப்பினால் பாரத்தைத் தாங்குகிறது. தண்டின் பற்களை ஓரிரண்டு மாற்றிப் பொருத்தினால் கார் தாழ்ந்துவிடும். அறுக்கவோ காய்ச்சவோ வேண்டியதில்லை, வேண்டும்போது பழைய உயரத்துக்கே திருப்பிக்கொள்ளலாம். மூன்றில் சுலபமானதும் திரும்பப் பெறத்தக்கதுமான முறை இதுவே. எனினும் தண்டின் கடினம் கொஞ்சமும் மாறாமல் சக்கரத்தின் பிரயாணம் மட்டும் குறைவதால், கார் அடிக்கடி ரப்பரில் மோதும். மெக்கானிக்குகள் “கீழே அடிக்கிறது” என்று சொல்வது இதையே. தண்டின் கடினம் அதன் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கூடினால் கடினம் நூற்றுக்கு 46 பங்கு உயரும். ஆகையால் தடித்த தண்டு செய்விக்க விரும்புவோர் அரை மில்லிமீட்டரையும் அலட்சியம் செய்யலாகாது.

பியட்டிலும் அம்பாசிடரிலும் பின்பக்கத்தைத் தாங்குவது ஸ்பிரிங் பட்டைகள். பட்டை அச்சுக்குக் கீழே அமைந்த கார்களில், இரண்டுக்கும் நடுவே இரும்புக் கட்டை ஒன்றைச் செருகி, நீண்ட யூ போல்ட்டுகளால் இறுக்கினால் உடல் தாழும். பட்டைக்கும் அச்சுக்கும் உள்ள தூரம் கூடுவதால், பிரேக் போடும்போது அச்சு முறுகப் பார்க்கும் விசை பட்டையை முன்பைவிடக் கூடுதலாக வளைக்கும். கட்டை உயரமாயின் புரொப்பல்லர் ஷாஃப்ட் தரைத்தகட்டில் இடிப்பதும் உண்டு. பட்டைகளை முறைப்படி வளைவு குறைத்து மறுபடியும் பக்குவப்படுத்துவது செலவு கூடியதானாலும் அதுவே மேலானது. லாரிகளுக்குப் பட்டை கட்டும் அனுபவசாலிகளுக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை.

ஹெரால்டின் கதை தனி. அதன் பின்சக்கரங்கள் நடுவிலுள்ள டிஃபரென்ஷியலின் இருபுறமும் கீல் போட்டதுபோல் ஊசலாடும் அரை அச்சுகளில் நிற்கின்றன. உடலை 4 சென்டிமீட்டர் தாழ்த்தினால், அரை அச்சின் நீளம் 50 சென்டிமீட்டர் என்று கொண்டால், சக்கரங்கள் ஒவ்வொன்றும் நாலரை டிகிரி உட்சாய்ந்துவிடும். வேகமான வளைவில் இக்காரின் பின்பகுதி மேலெழும்பி, வெளிச்சக்கரம் உடலுக்கடியில் மடியப் பார்க்கும் பழைய குறையை இந்த உட்சாய்வு ஓரளவு தடுக்கிறதென்பது உண்மை. பந்தயக்காரர்கள் விரும்பியதும் அதனாலேயே. நேர்ச்சாலையில் மட்டும் ஓடும் காருக்கோ, டயரின் உள்விளிம்பு சீக்கிரத்தில் தேய்ந்து நூல் தெரியும். ஊசலாடும் அச்சு நம் வாங்குவோருக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்காமற்போகவே, வண்டலூர் தொழிற்சாலையார் 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டின் வழித்தோன்றலாகிய கெஸல் காரில் அதை நீக்கி, ஒரே துண்டாலான அச்சையே பொருத்தினார்கள்.

சக்கர மாற்றத்தில் நேரும் பிழைகள் கண்ணுக்குத் தெரியாதவையாகையால் அவை அதிக அபாயமுள்ளவை. முதலாவது, போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம். பியட் மரபில் இது 98 மில்லிமீட்டர். இக்காலத்துச் சிறு கார்கள் பலவற்றில் 100. வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர் என்பதால் நூறுக்குரிய அலாய் வீல் தொண்ணூற்றெட்டில் உட்கார்ந்துவிட்டதுபோல் தோன்றும், நட்டுகளும் இறுகும். உண்மையில் அவை ஒவ்வொன்றும் சாய்ந்து ஒரு விளிம்பில் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஓடும்போது ஏற்படும் அதிர்வில் அவை தளர்ந்து, சக்கரம் கழன்றுபோகும் அளவுக்கும் விஷயம் முற்றலாம். இரண்டாவது, சக்கரத்தின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் படியும் முகத்துக்கும் உள்ள தூரம். அகன்ற சக்கரமோ, இடையில் செருகிய ஸ்பேசரோ, சக்கரத்தை 25 மில்லிமீட்டர் வெளியே தள்ளுமாயின், அந்த அளவுக்கு வீல் பேரிங்கின் மீதுள்ள நெம்புவிசை கூடும். சக்கரம் திரும்பும் அச்சுக்கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரமும் கூடி, ஒவ்வொரு குழியிலும் ஸ்டியரிங் கையை உதறும்.

மூன்றாவது, டயரின் முழு விட்டம். 165/80 ஆர் 14 என்ற டயரின் விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக 175/65 ஆர் 14 மாட்டினால் அது 583 ஆகிறது. ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது கார் உண்மையில் 56 அல்லது 57 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும். இதிலே பலரும் கவனியாத விஷயம் ஒன்றுண்டு. ஒரே துண்டாலான பின்னச்சு உள்ள கார்களில், பின்புறம் தரைக்கு மிக அருகே தொங்குவது டிஃபரென்ஷியல் உருண்டை. ஸ்பிரிங்கை எவ்வளவு தாழ்த்தினாலும் அதன் உயரம் மாறுவதில்லை. டயர் சிறுத்தால் அக்கணமே அது 18 மில்லிமீட்டர் இறங்கிவிடுகிறது. டயரின் பக்கச்சுவரும் 132 மில்லிமீட்டரிலிருந்து 114 ஆகக் குறைகிறது. அந்தக் காற்றுச்சுவரே குழியின் கூர்விளிம்பை முதலில் வாங்கும் ஸ்பிரிங். அது மெலியும்போது அடி நேராக ரிம்மில் விழும். பழைய இரும்பு டிஸ்க் வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம். வார்ப்பு அலுமினியம் வெடித்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

வேகத்தடைகளைப் பற்றிய கணக்கும் மனத்தில் இருக்கவேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த முறைப்படி, வேகத்தடை 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டாக, 3.7 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உடையதாய், 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கத்தக்கதாய் அமைய வேண்டும். அத்தகைய தடையின் மேல், முன் பின் சக்கரங்களுக்கிடையே 2.46 மீட்டர் உள்ள அம்பாசிடர் ஏறி நிற்குமாயின், இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே மேடு நாலரை சென்டிமீட்டர் மட்டுமே எழும். தாழ்த்திய காரும் தாராளமாகப் போகும். ஊருக்கு ஊர் மக்கள் தாங்களாகவே போட்டுக்கொள்ளும் தடை, ஓரடி ஈரடி நீளத்தில் 15 சென்டிமீட்டர் நிமிர்ந்து நிற்கும். அதன் முழு உயரமும் காரின் வயிற்றுக்கடியில் வந்துவிடும். அப்போது முதலில் உரசுவது சைலன்சர் குழாய், அடுத்தது என்ஜின் எண்ணெய்த் தொட்டி.

தொப்பூர் இறக்கத்தின் பொருட்டும் ஒரு வார்த்தை. 1,100 கிலோகிராம் எடையுள்ள கார் நூறு மீட்டர் உயரம் இறங்கும்போது விடுவிக்கும் சக்தி, மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை என்ஜின் ஏற்கும். அல்லாவிட்டால் முழுவதும் பிரேக் டிரம்முகளில் சேரும். பழைய இரும்புச் சக்கர டிஸ்க்கின் ஓரத்தில் வரிசையாக உள்ள துளைகள் அலங்காரத்துக்கன்று, அந்த வெப்பத்தைக் காற்றில் விடுவதற்காகவே இருக்கின்றன. டிரம்மை மூடிக்கொள்ளும் சக்கரத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தக் கணவாயை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் சொல்வதையும் அறிந்திருத்தல் நலம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் நிர்ணயித்தவற்றினின்று மாறுபடும்படி வாகனத்தைத் திருத்தலாகாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரையில் சிறையோ விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. மேலும், ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட கார்களைப் பழம்பெரும் வாகனங்களாகத் தனிப்பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு வகுத்த விதிகள், அவை ஆதி உருவில் பேணப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்கின்றன. உடலை அறுத்தும் அச்சை மாற்றியும் திருத்திய கார் அந்தக் கௌரவத்தை இழக்க நேரிடும்.

எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்க்கையில், தருமபுரிச் சாலைகளில் ஓடும் பழைய காரை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தாழ்த்துவது தகாது என்பதே என் தீர்ப்பு. அந்த இரண்டும்கூட, தொய்ந்துபோன பழைய ஸ்பிரிங்குகளை மாற்றி, காரை முதலில் அதன் சொந்த உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகே அளக்கத்தக்கவை. பல கார்கள் வயதினாலேயே அவ்வளவு தாழ்ந்துதான் நிற்கின்றன. புதிய சக்கரத்தை வாங்குமுன், ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியினால் சக்கரத்தை ரப்பர் வரையில் உயர்த்தி, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பி, டயர் எங்கேனும் உரசுகிறதா என்று பாருங்கள். கழற்றிய ஸ்பிரிங்கையும், முறுக்குத்தண்டையும், பழைய டிஸ்க்குகளையும் காயலான் கடைக்குப் போடாமல், எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். ஹெரால்டும் பியட்டும் போன நூற்றாண்டோடு நின்றன. அம்பாசிடர் 2014இல் நின்றது. அவற்றின் அசல் பாகங்கள் இனி எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வரப்போவதில்லை.